செருப்பணிய அனுமதி கோரி

பொதுமக்களிடமிருந்து பெறப்படும் மனுவுக்கு மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாட்களுக்குள் முடிவான பதில் தர வேண்டும். இயலாத பட்சத்தில், ஏன் இயலவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு வேலை பார்த்து, கடைசிப் பதினொரு ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை எத்தனையோ இளநிலை உதவியாளர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதைக் கடைப்பிடிக்காமல் இருப்பது எப்படி என்பதையும் அவர்கள் என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

எனக்கு இரண்டு பாதங்களிலும் மூட்டுத் தேய்மானம். மூட்டு என்றவுடன் எல்லோரும் முழங்காலைப் பார்க்கிறார்கள். பாதத்திலும் மூட்டுகள் இருக்கின்றன, அவையும் தேயும் என்று சொன்னால், சலுகைக்காக நானே புதிதாகக் கண்டுபிடித்த நோய்போல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். வலது காலில் பெருவிரல் பாதத்தோடு சேரும் இடம். இடது காலில் பாதத்தின் மேல்மேடு. அங்கே எலும்பு புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்து, செருப்பு வார் பட்டாலே சுள்ளென்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்து அடிக்குப் பாதம் என்னுடையதாக இருக்காது. யாரோ இரவல் கொடுத்த பலகைபோலத் தரையில் விழும். பிறகு மெல்ல இளகும். நடக்க நடக்க மறுபடி வலிக்கும். உட்கார்ந்தால் இறுகும். ஆக, நடந்தாலும் குற்றம், உட்கார்ந்தாலும் குற்றம்.

புதுக்கோட்டையில் ஓர் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“தேஞ்சது தேஞ்சதுதான் சார். திரும்ப வளராது. இருக்கறத வச்சுக் காப்பாத்தணும். வெறுங்காலோட ஒரு அடி வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு. பாத்ரூம் போனாலும் செருப்பு.”

அடிப்பாகம் வளையாத, முன்பக்கம் லேசாக மேலே தூக்கிய கனமான செருப்பு ஒன்றுக்கு அவரே தாளில் படம் போட்டுக் கொடுத்தார். அதைப் போட்டு நடந்தால் பெருவிரல் மடங்காது. பாதம் தொட்டில்போல உருண்டு அடுத்த அடிக்குப் போய்விடும். கூடவே காலை மாலை வெந்நீரில் கால் வைப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை இழுத்துவிடும் பயிற்சி, தரையில் போட்ட துண்டை விரல்களால் சுருட்டுவது, வலி தாங்காத நாளில் மட்டும் மாத்திரை. ஆறு கிலோ எடையைக் குறைக்கச் சொன்னார். நான்கரை குறைத்தேன். துண்டு சுருட்டும் பயிற்சியைப் பார்த்த பால்காரர், சார் காலாலேயே துணி மடிக்கப் பழகுகிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தார். போகட்டும். அந்தச் செருப்பு வந்த பிறகு எட்டு மாதம் நான் ஒழுங்காக நடந்தேன். வலி போகவில்லை, ஆனால் எனக்கும் அதற்கும் இடையே ஒரு நடைமுறை ஏற்பட்டிருந்தது.

நடந்தே தீர வேண்டிய காரணம் என் அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், விதவை. சர்க்கரை நோயில் ஒரு கண் போய்விட்டது. கை நடுங்கும். மாத்திரை போதாது என்று சொல்லி, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி என்று ஆகியிருந்தது. அதைப் போடுவது நான். என் மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது. எனக்கு வேறு வேலை இல்லை. என் வீடு தெற்குத் தெரு, அவள் வீடு வடக்குத் தெரு. நடுவில் கோயில். ஒரு நடைக்கு அறுநூற்று நாற்பது எட்டு வைக்க வேண்டும். எண்ணியிருக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவள் மகன் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தான். “நீங்க பாத்துக்கற வரைக்கும் அம்மா அங்கயே இருக்கட்டும் மாமா. ஒங்களுக்கு முடியலன்னா சொல்லிருங்க, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்.” அவன் இருப்பது மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. அக்கா அங்கே நான்கு நாள் இருந்துவிட்டு வந்து, கோழிக் கூண்டுக்குக்கூடத் தரையில்தான் கால் இருக்கும் என்றாள். அவள் தன் வீட்டில் இருப்பது என் இரண்டு பாதங்களைப் பொறுத்தது. அவளுக்கும் தெரியும். அதனால்தான் நான் போனதும் அவள் முதலில் கையை நீட்ட மாட்டாள். என் காலைத் தடவிப் பார்ப்பாள்.

எங்கள் ஊர் ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டிய நாளிலிருந்து பதினைந்து நாள், கோயிலைச் சுற்றிய நான்கு தெருக்களிலும் யாரும் செருப்புப் போடக் கூடாது. வண்டியில் ஏறி ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தெருக்காரர்கள் வெளியில் போய்த் தங்கக் கூடாது, வீட்டில் ஏற்றிய விளக்கு அணையக் கூடாது. இவை எதுவும் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைக்கப்படாத ஒன்றுக்கு இவ்வளவு கீழ்ப்படிதல் இருப்பதை என் பணிக்காலத்தில் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

முந்தைய ஆண்டு அக்காவுக்கு மாத்திரை மட்டும்தான், நானும் வீட்டை விட்டு இறங்கவில்லை. இந்த ஆண்டு பதினைந்து நாள், நாளைக்கு நான்கு நடை, அதுவும் சிமென்ட் ரோட்டில் வெறுங்காலோடு. அக்காவை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். விளக்கு அணையக் கூடாது என்றாள். நான் அங்கே போய்த் தங்கலாமென்றால், என் வீட்டு விளக்குக்கும் அதே விதிதான். அடுத்த வீட்டு மருமகளிடம் ஊசியைக் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். அந்தப் பெண் தயாராக இருந்தாள். அக்கா தயாராக இல்லை. “அவ போன்ல பேசிக்கிட்டே கொழம்பத் தாளிப்பா. எனக்கு ஊசிய எங்கிட்டுக் குத்துவாளோ” என்றாள். கிராம செவிலியர் புதன்கிழமை மட்டும் வருவார். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். மனு எழுதினேன்.

பொருள்: மருத்துவக் காரணத்தை முன்னிட்டுத் திருவிழாக் காலத்தில் செருப்பணிய அனுமதி கோரி. பார்வை ஒன்று, மருத்துவரின் சான்று. இணைப்பு, எக்ஸ்ரே நகல். மூன்றாவது பத்தியில், மேற்படி தடைக்கு எழுத்துப்பூர்வமான ஆணை ஏதேனும் உள்ளதா, உள்ளதெனில் அதன் நகலை வழங்குமாறு கேட்டிருந்தேன். நல்ல மனு. எங்கும் ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. பிப்ரவரி பத்தாம் தேதி, திங்கட்கிழமை, மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றிலும் அதே மேசைதான். காப்புக் கட்ட நாற்பத்தொரு நாள் இருந்தது. விதிப்படி முப்பது நாள். பதினொரு நாள் உபரியாக வைத்துத்தான் கொடுத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து மனு ஊருக்கு வந்தது, பதிலாக அல்ல, விசாரணையாக. தக்க நடவடிக்கைக்காக என்று ஒவ்வொரு மேசையும் கீழே தள்ளிவிட, அது கிராம நிர்வாக அலுவலர் வரை இறங்கி, தலையாரி கையில் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. அன்று திருவிழா ஏற்பாட்டுக்காக ஊர்க் கூட்டம். அம்பலக்காரர், அதாவது எங்கள் ஊர்த் தலைவர், அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். தலையாரி ஒவ்வொரு சொல்லாகத் தடுக்கித் தடுக்கி வாசித்தார். நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். செருப்பு வெளியே கிடந்தது. மூன்றாவது பத்தியையும் வாசித்து முடித்தார். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “ஆத்தாகிட்டயே ஜெராக்ஸ் கேக்குறாரு” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

அம்பலக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பிறந்ததிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அன்று சார் என்றார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்ல சார்? நீங்க பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிருப்பீங்க. நாங்க பாட்டுக்கு வேற பக்கம் பாத்துட்டு நின்னுருப்போம். போன வருசம் மேலத் தெரு ஆச்சி கால்ல கட்டோட செருப்புப் போட்டுத்தான் நடந்துச்சு. யாரு கேட்டா? இப்ப எழுதிட்டீங்க. எழுத்துல கேட்டதுக்கு எழுத்துலதான் பதில் வரணும். நான் வாயால சரின்னு சொன்னா, நாளைக்கு அத்தன பேரும் ஆளுக்கொரு பேப்பரோட வந்து நிப்பான்.”

பதில் வரும் வரை என்ன செய்வது என்று கேட்டேன்.

“அதுவரைக்கும் வழக்கம்தான் சார்.”

ஒரு விவகாரம் நிலுவையில் இருக்கும்போது இருக்கும் நிலைமையே தொடர வேண்டும். இதைத்தான் அவர் சொன்னார். என் வாழ்நாளில் அலுவலகத்துக்கு வெளியே ஓர் ஆள் வாயிலிருந்து இவ்வளவு பிழையற்ற நடைமுறையை நான் கேட்டதில்லை. நான் கோயிலை ஒரு பிரிவாகவும் அம்பலக்காரரை ஒரு மேலதிகாரியாகவும் நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொள்வதுதான் எங்கள் ஊர் கொடுக்கும் அனுமதி என்பது அறுபத்தொன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. திறந்து வைத்துக்கொள்ளும்படி முத்திரையோடு எழுதிக் கேட்டுவிட்டேன்.

காப்புக் கட்ட நான்கு நாள் இருக்கும்போது அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். பிரிவு முதல் மாடியில். முப்பத்தாறு படி, பக்கவாட்டுக் கம்பி கிடையாது. ஒரு பெண் கணினியைப் பார்த்துவிட்டு, கீழிருந்து அறிக்கை வரவில்லை என்றாள். கீழே கேட்டால், மேலே அனுப்பிவிட்டோம் என்றார்கள். இரண்டும் உண்மையாக இருக்கும். நானே அப்படி எத்தனையோ கோப்புகளை நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் காலை, செருப்பைக் கையில்கூட எடுத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் காவல் நிற்கவுமில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் பேச்சு ஒரு நொடி நின்று என் காலைப் பார்த்தது. மனுவுக்கு முன்பு என் காலுக்கு இந்த ஊரில் எந்த மரியாதையும் இருந்ததில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே வருகிறேன், என்ன செய்துவிடுவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. “எனக்கு ஊசி போடன்னு சொல்லி ஆத்தா கோவத்த வாங்காத தம்பி. அப்பறம் எனக்கு ஒண்ணு ஆனா, ஒன் செருப்பாலதான்னு ஊரு பேசும்” என்றாள். அவளுக்கும் ஊருக்கும் நடுவில் நான் வாதம் செய்யவில்லை.

என்னால் முடிந்த ஏற்பாடுகளைச் செய்தேன். பெருவிரல் அசையாதபடி பிளாஸ்திரி போட்டு இறுக்கினேன். பழைய கோப்பு அட்டை ஒன்றைப் பாதத்தின் அளவுக்கு வெட்டி, தடித்த சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். சாக்ஸ் செருப்பாகுமா என்று ஒரு வாசலில் விவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். ஆகாது என்று முடிவானதாம். வீட்டுக்கு வந்ததும் ஐஸ் கட்டி, பிறகு வெந்நீர், பிறகு மாத்திரை. வேண்டியபோது மட்டும் என்று டாக்டர் சொன்ன மாத்திரையை நாளைக்கு மூன்று வேளை போட்டேன். ஐந்து நாள் இப்படி ஓட்டினேன். ஆறாம் நாள் பால்குடத்துக்காகத் தெரு முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். வெயிலில் வெந்து நிற்கும் பெண்களின் காலுக்காக ஊற்றியது, குறை சொல்ல முடியாது. அட்டை ஊறிக் கூழாகிவிட்டது. அறுநூற்று நாற்பது எட்டு, எண்ணூற்றுச் சொச்சம் ஆனது. எட்டு குறுகிவிட்டது.

பத்தாம் நாள் மாலை அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது, இடது பாதத்துக்குள் ஏதோ நழுவியதுபோல இருந்தது. சத்தம் எதுவும் இல்லை. கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்தபோது பாதம் பன் ரொட்டிபோல உப்பியிருந்தது. மறுநாள் காலையில் அதை ஊன்றி நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். அங்கிருந்து தெருவைப் பார்த்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன். அடுத்த வீட்டு மருமகளை வரச் சொல், அளவை நான் போனிலேயே சொல்கிறேன் என்றேன். சரி என்றாள். அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள். “போட்டாச்சுப்பா. நீ சொன்ன மாதிரியே போட்டா. வலிக்கவே இல்ல. நீ கால நீட்டிப் படு” என்றாள். மாலையிலும் அதே. மறுநாள் இரண்டு வேளையும் அதே. அவள் குரலில் ஒரு தெளிவு இருந்தது. வாங்கிய ஒப்புகையைச் சரிபார்க்காமல் கோப்பில் வைப்பவன் அல்ல நான். அன்று வைத்தேன். எனக்கு வசதியாக இருந்தது.

அந்த மருமகள் ஊசியைத் தொடவே இல்லை. அக்கா அவளைக் கூப்பிடவே இல்லை. என்னை நடக்கவிடாமல் வைக்க, நான்கு வேளையும் பொய் சொல்லியிருக்கிறாள். திருவிழா வீடு, மாவிளக்கும் பானகமும் வேறு வாசல் வாசலாக வந்திருக்கின்றன. மூன்றாம் நாள் காலையில் போனை எடுத்தவள், என்னை எங்கள் அப்பா என்று நினைத்துக்கொண்டு, கிணற்றடியில் மாடு நிற்கிறது, அவிழ்த்துக் கட்டுங்கள் என்றாள். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய் நாற்பது ஆண்டுகள்.

அம்பலக்காரருக்குப் போன் செய்தேன். அவர்தான் ஓடினார். ஆம்புலன்ஸ் வந்தது. நான்கு தெருக்களுக்குள்ளும் நேராக ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். இரண்டு பேர் கறுப்புப் பூட்ஸோடு கூடத்துக்குள் ஏறி, எரிந்துகொண்டிருந்த விளக்கைத் தாண்டி, அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெருவே கூடி நின்றிருக்கிறது. ஒருவர்கூட அவர்கள் காலைப் பார்க்கவில்லை. இதை எனக்குச் சொன்னவர் அம்பலக்காரர். அவருடைய குரல் இறங்கியிருந்தது. வண்டியில் கூட ஏறிக்கொண்ட அவரும் செருப்புப் போட்டிருந்ததை ஆஸ்பத்திரி வாசலில்தான் கவனித்தாராம். “பதட்டத்துல மாட்டிக்கிட்டு ஓடிருக்கேண்ணே” என்றார். மறுபடி அண்ணே ஆகியிருந்தேன்.

அக்கா பிழைத்தாள். ஒன்பது நாள் புதுக்கோட்டையில் படுத்திருந்தாள். மகன் வந்தான். அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் காலைப் பார்த்துவிட்டு, “விடுங்க மாமா” என்று மட்டும் சொன்னான். ஊரில் காரணம் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை. ஆத்தாவை ஆபீசுக்கு இழுத்த வீடு, வேறு என்ன நடக்கும் என்று பேசிக்கொண்டார்கள். செருப்பு ஒரு நாளும் போடாதவனுக்கு, செருப்பு போட்டதற்கான தண்டனை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேராகத் திருப்பூருக்குக் கூட்டிப் போனார்கள். வீட்டைக்கூட அவள் வந்து பூட்டவில்லை. சாவி என்னிடம் வந்தது. இன்சுலின் டப்பாவும் ஊசிகளும் அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே கிடந்தன, எடுத்துவர நான் போகவில்லை.

எனக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். நடுப்பாதத்தில் மிச்சமிருந்ததும் போய்விட்டது என்றார் டாக்டர். எலும்புகளை ஸ்குரூ வைத்து இணைத்துவிடலாம், மூட்டு அசையாது, அசையாவிட்டால் வலிக்காது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பன்னிரண்டு வாரம் கால் ஊன்றக் கூடாது, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என் கோப்பில் அந்த இடம் காலியாக இருக்கிறது. இப்போது கைத்தடியோடு கட்டிலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து வாசல். தொட்டில் செருப்பு போட்டுக்கொண்டுதான். அந்த விஷயத்தில் எனக்கு இப்போது யாருடைய அனுமதியும் தேவையில்லை, தெருவில் இறங்குவதே இல்லை.

அக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். மாடிப் படியில் இறக்கிவிட ஆள் இல்லாததால் அவள் ஐந்து மாதமாகத் தரையில் கால் வைக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லமாட்டாள். ஊசியை அங்கே அவளுடைய சொந்த மருமகளே போடுகிறாளாம், நன்றாகப் போடுகிறாளாம். அவள் அதைச் சொல்லும்போது நான் ஒவ்வொரு முறையும் போனை மருமகளிடம் கொடுக்கச் சொல்லி, எத்தனை யூனிட் என்று கேட்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.

பதில் சாதாரணத் தபாலில் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, எழுந்து வராதீங்க சார் என்று சொல்லி உள்ளே வந்து கையில் கொடுத்தார். ஒரே தாள், நல்ல தமிழ். மருத்துவக் காரணங்களுக்காகக் காலணி அணிவதைத் தடை செய்யும் ஆணை எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை எனவும், ஆகவே அனுமதி வழங்க வேண்டிய அவசியம் எழவில்லை எனவும், மனு இத்துடன் முடிக்கப்படுகிறது எனவும் தெரிவித்திருந்தார்கள். கையெழுத்துக்குக் கீழே தேதி போட மறந்துவிட்டார்கள். அதனால் நானே பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில், நாங்கள் தபால் பிரிவில் எழுதும் முறைப்படி, பெறப்பட்ட நாளை எழுதிக் கையொப்பமிட்டேன்: செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை.